முட்டமா, முனையா, வட்டக்கோட்டையா? குமரிப் பாறைக் கரையில் இரவு வானத்தைப் படமெடுக்க எதைத் தேர்வது

கன்னியாகுமரியில் இரவு வானம் எடுக்கப் போகிறோம் என்றதுமே பலர் மனதில் வந்து நிற்பது ஒரே படம்தான்: திருவள்ளுவர் சிலை, அதன் தலைக்கு மேல் பால்வீதி. நேரே போய்ச் சங்கமத்துக் கரையில் நின்று 14 மிமீ லென்ஸில் ஒன்று எடுத்துப் பார்த்தால் சிலை தீக்குச்சி அளவில், வெளிச்சத்தில் வெந்து வெள்ளையாக இருக்கும். வானமோ சாம்பல் நிறம். பழி கேமரா மேல் விழும். உண்மையில் இடம், லென்ஸ், மணி மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததுதான் சிக்கல்.

இந்த மாவட்டத்துக் கடற்கரை சுமார் 70 கிமீ. முனைக்குக் கிழக்கே இருப்பது சிறு துண்டு. மிச்சமெல்லாம் மேற்கே நீரோடி வரை போகிறது. கிழக்குத் துண்டு தென்கிழக்கைப் பார்க்கிறது, மேற்குப் பக்கம் தென்மேற்கைப் பார்க்கிறது. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஊர் என்பதை அல்ல, வானத்தின் எந்தப் பக்கம் வேண்டும் என்பதை. அது தெரிந்துவிட்டால் ஊர் தானாக அமையும்.

வானத்தின் கணக்கு

குமரி முனை வடக்கு அட்சம் 8 டிகிரியில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் வடக்கே 8 டிகிரி உயரத்தில்தான் தெரியும். நடைமுறையில் தென்னையும் மலையும் ஊர் விளக்கும் அதை விழுங்கிவிடும். இந்த நட்டத்துக்கு ஈடாகத் தெற்கு வானம் திறந்து கிடக்கிறது. உச்சத்தில் வரும்போது அகத்தியர் (கனோபஸ் நட்சத்திரம்) 29 டிகிரி, திரிசங்குவின் (தெற்குச் சிலுவை) அடி நட்சத்திரம் 19 டிகிரி, அதையடுத்த ஆல்ஃபா சென்டாரி 21 டிகிரி. பால்வீதியின் நடுப்பகுதி 53 டிகிரி வரை ஏறும். பெரிய மெகல்லன் மேகமூட்டம் என்னும் அண்டை விண்மீன் மண்டலம்கூட 12 டிகிரிக்கு வருகிறது. ஆனால் அந்த உயரத்தில் கடல் மூட்டம் தடித்திருக்கும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இதில் பலர் தவறவிடும் காட்சி ஒன்று உண்டு. பால்வீதி இரவு முழுவதும் ஒரே சாய்வில் நிற்பதில்லை. நடுப்பகுதி தென்கிழக்கில் எழுந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனதும், பால்வீதி முழுவதும் தெற்குக் கடல் மேல் தாழ்ந்த வில்லாகப் படுத்திருக்கும். ஒரு கால் கிழக்கில், மறு கால் மேற்கில், வில்லின் உச்சியில் திரிசங்கு. அந்த உச்சியே 19 டிகிரிதான். வட இந்தியாவில் நின்று இதைப் பார்க்க முடியாது. திரிசங்கு அங்கே தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும். குமரிக் கரைக்கே உரிய படம் எது என்று கேட்டால் சிலைக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வில் படுத்திருக்கும் நேரம் பிப்ரவரி நடுவில் அதிகாலை சுமார் 3.30 மணி. மார்ச் நடுவில் 1.40, ஏப்ரல் நடுவில் இரவு 11.40, மே நடுவில் 9.40. நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் வரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இப்படிப் பார்த்தால் மே மாதம்தான் சௌகரியம் என்று தோன்றும். ஆனால் மே மாதத்தில் மேகம், இடி, காற்று, அதோடு கள்ளக்கடல் என்னும் சொல்லாமல் ஏறிவரும் அலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் இது. தெளிந்த வானத்துக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான். தூக்கத்தை விடத் தயாராக வேண்டும்.

நாள் குறிக்கத் தினசரி காலண்டர் போதும். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முந்திய தேய்பிறை இரவுகள் அமாவாசையைவிட நல்லவை. பிறை விடியலுக்குச் சற்று முன்தான் கிழக்கில் எழும். அதுவரை வானம் இருட்டு, எழுந்தபின் பாறைக்குப் பக்கவாட்டில் மெல்லிய வெளிச்சம். அமாவாசையன்று பாறை வெறும் கருப்பு வெட்டாகத்தான் விழும். போதாக்குறைக்கு ஓதமும் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) அன்றுதான் அதிகம்.

முனை

1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் இறுதியில் இரண்டையும் இணைத்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். மூன்றுக்கும் விளக்கு. கரையில் கடைகள், விடுதிகள், ஹைமாஸ் கம்பங்கள். இருட்டு என்ற கணக்கில் பார்த்தால் மாவட்டத்தின் மோசமான கடற்கரை இதுதான்.

ஆனாலும் சிலை வேண்டும் என்றால் வேறு வழியில்லை. 133 அடி என்பது 40 மீட்டர். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது நாலரை டிகிரி உயரம்தான். 14 மிமீ லென்ஸை நிறுத்திப் பிடித்து எடுத்தால் படத்தின் உயரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதே ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மிமீ போட்டால் பத்தில் ஒரு பங்கு வரும், அப்போதுதான் சிலை சிலையாகத் தெரியும். முனையில் அகன்ற லென்ஸைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

திசையும் பொருந்த வேண்டும். சங்கமம் பக்கம் நின்றால் சிலை ஏறக்குறைய கிழக்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து இருக்கும். பால்வீதியின் நடுப்பகுதி எழுவது திசைகாட்டியில் 119 டிகிரியில். மார்ச் நடுவில் அது 12.50 மணி வாக்கில் எழுந்து, 2.30 மணிக்கு 20 டிகிரி உயரத்தில் 125 டிகிரித் திசையில் நிற்கும். 50 மிமீ ஃப்ரேமுக்குள் சிலையும் அதுவும் சேர்ந்து வருவது 1.45-க்கும் 2.30-க்கும் நடுவே மட்டும்தான். 5 மணிக்குப் போனால் நடுப்பகுதி தென்தென்கிழக்கில் 45 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும்; சிலையோடு சேராது. வடக்கே வாவத்துறைப் பக்கம் நகர நகரச் சிலை தெற்கே போகும். திரிசங்குவைச் சிலைக்கு மேல் வைக்க நினைப்பவர்கள் அங்கே போக வேண்டும்.

விளக்கு எரிகிற சிலைக்கும் வானத்துக்கும் எட்டு ஸ்டாப் வரை வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது இருமடங்கு வெளிச்சம்). ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் வராது. சிலைக்கு ஐஎஸ்ஓ 800, எஃப்/2.8, 1/8 நொடியில் தொடங்கி 1/2 நொடி வரை மூன்று படம். வானத்துக்கு ஐஎஸ்ஓ 1600, எஃப்/2, 5 நொடி வீதம் முப்பது படம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விளக்கு எந்த நேரத்தில் அணைகிறது என்பதை முந்தின இரவே நின்று பார்த்துவிடுவது நல்லது; பாதித் தொடரில் அணைந்தால் சேர்ப்பது பெரும்பாடு.

முட்டம்

சினிமாவில் பார்த்துப் பழகிய அதே பாறைகள். முனையிலிருந்து மேற்கே சுமார் 30 கிமீ. இங்கே நின்று தெற்கே பார்த்தால் கிழக்குத் தென்கிழக்கிலிருந்து மேற்கு வரை தடையில்லாத கடல். கன்னியாகுமரி ஊரின் வெளிச்சம் 101 டிகிரியிலும், நாகர்கோவில் வெளிச்சம் வடகிழக்கே 64 டிகிரியிலும், குளச்சல் வடமேற்கிலும் விழுகிறது. பால்வீதி வில் படுக்கும் இடத்தில் கிழக்குக் காலின் அடி தவிர மற்றதெல்லாம் இவற்றுக்கு வெளியே. மாவட்டத்தில் இப்படி அமைந்த பாறைக் கரை வேறு இல்லை என்றே சொல்லலாம்.

தொல்லை இரண்டு: கலங்கரை விளக்கமும் துறைமுக விளக்குகளும். கலங்கரை விளக்கின் கதிர் பாறைக்கு மேலேதான் போகும், நேராகப் பாறையில் விழாது. ஆனால் மூட்டம் இருந்தால் வானத்தில் குச்சி குச்சியாகத் தெரியும். அதை முதுகுக்குப் பின்னால் விட்டு, பெரிய பாறை ஒன்றின் மறைவில் கேமராவை வையுங்கள். விளக்கையும் படத்தில் சேர்க்க ஆசைப்பட்டால் சுற்று நேரத்தை நொடி எண்ணிப் பார்த்து, எக்ஸ்போஷர் அதன் முழு மடங்காக இருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும்.

இனி கடல். ஓத வித்தியாசம் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆபத்து ஓதத்தில் இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் என்றோ அடித்த புயலின் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த இரவில் வந்து ஏறும். அதற்குப் பெயர்தான் கள்ளக்கடல். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் அலை இடைவெளியையும் பாருங்கள். 15 நொடிக்கு மேல் போட்டிருந்தால் முட்டம் வேண்டாம், வேறு நாள் பார்க்கலாம்.

பாறையில் இடம் பிடிப்பது பகலிலேயே நடக்க வேண்டும். கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்) ஒட்டியிருக்கும் கோடு, அதற்கு மேல் வழுக்கும் கரும்பாசிக் கோடு, அதற்கும் மேல் உலர்ந்த வெளிர்பாறை. ட்ரைபாட் உலர்ந்த பாறையில்தான் நிற்க வேண்டும், அதுவும் கரும்பாசிக் கோட்டிலிருந்து ஆள் உயரமாவது மேலே. வைத்தபின் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து அலையைப் பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இங்கே எட்டாது’ என்று முடிவு செய்பவர்தான் நனைவார். திரும்பும் வழியில் ஈரப்பாறையைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த இடம் கணக்கிலேயே இல்லை.

வட்டக்கோட்டைப் பக்கம்

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, இரவில் உள்ளே வேலை இல்லை. பக்கத்துக் கரிய மணல் கரைதான் நமக்கு. கன்னியாகுமரி வெளிச்சம் இங்கிருந்து தெற்கே, சற்று மேற்கு சாய்ந்து விழுவதால் திரிசங்குவும் வில்லின் மேற்குக் காலும் மங்கிப்போகும். கூடங்குளம் கிழக்கே 70 டிகிரி வாக்கில். நடுப்பகுதி எழும் 119 டிகிரியில் வெறும் கடல். ஆக, நடுப்பகுதி கடலிலிருந்து எழுவதை மட்டும் எடுக்க, பாறை ஏறத் தெம்பில்லாதவர்களோடு, குழந்தைகளோடு போக இது நல்ல இடம். பாறை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அந்த நாட்களில் கடல்மேல் விளக்குப் புள்ளிகளும் குறையும். மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது வானமே இருக்காது.

தேங்காய்ப்பட்டணம், சொத்தவிளை, சங்குத்துறை எல்லாம் மணல் கரைகள். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் அடுக்கிய தூண்டில் வளைவுக் கற்கள் மேல் ஏறி எடுக்கலாமே என்று தோன்றும். அடுக்கிய கற்களுக்கு நடுவே காலும் ட்ரைபாடும் இறங்கும், அலை அடிக்கும்போது கல்லே அதிரும். அதை விட்டுவிடுங்கள்.

லென்ஸும் நொடியும்

500-ஐ லென்ஸின் மிமீயால் வகுத்து நொடி கணக்கிடும் 500 விதி என்று ஒன்று இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேமில் 20 மிமீக்கு அது 25 நொடி சொல்லும். பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரம் அரிசி மாதிரி நீண்டிருக்கும். அபெர்ச்சரையும் பிக்ஸல் அளவையும் சேர்த்துக் கணக்கிடும் என்பிஎஃப் விதிப்படி 14 மிமீ எஃப்/2.8-க்கு 20 நொடி, 20 மிமீ எஃப்/1.8-க்கு 12, 24 மிமீ எஃப்/1.8-க்கு 10, 50 மிமீக்கு 5. திரிசங்கு துருவத்துக்கு அருகில் இருப்பதால் மெதுவாக நகரும். அதை மட்டும் குறி வைத்தால் இந்த நொடிகளை இரட்டிக்கலாம்.

14 மிமீ எஃப்/2.8 அல்லது 20 மிமீ எஃப்/1.8, இரண்டில் எது என்றால் இந்தக் கரைக்கு 20. முந்தையதில் ஒளி நுழையும் வாயின் விட்டம் 5 மிமீ, பிந்தையதில் 11 மிமீ. நட்சத்திர நிறம் அங்கேதான் பிழைக்கிறது. 14-இல் அடங்கும் அகலம் வேண்டும் என்பவர்கள் 24 மிமீயைப் படுக்க வைத்து, கேமராவை மட்டமாக்கி, 45 டிகிரிக்கு ஒன்றாக ஐந்து ஃப்ரேம் எடுத்து ஒட்டலாம். தொடுவானம் நடுவில் இருந்தால் மேலே 26 டிகிரி கிடைக்கும். 19 டிகிரி வில் அழகாக அடங்கும். கேமராவை மேலே சாய்த்தால் கடல் சோறு வைத்த இலைபோல வளைந்துவிடும்.

முன்பாறையில் கவனம் வையுங்கள். 20 மிமீ எஃப்/2-இல் நட்சத்திரத்துக்கு ஃபோகஸ் வைத்தால் ஆறேழு மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மெல்ல மங்கும். அருகில் பாறை வேண்டும் என்றால் அதற்குத் தனிப் படம். மார்ச் நடுவில் 5.15-க்கு வானம் வெளுக்கத் தொடங்கும், 6.25 வாக்கில் சூரிய உதயம். 5.40 முதல் 5.50 வரை, ட்ரைபாடை அசைக்காமல், ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, நொடியைக் கூட்டிக் குறைத்து நாலைந்து பாறைப் படம் எடுத்துவைத்தால் பிறகு கை கட்டி நிற்க வேண்டாம்.

ஸ்டாக்கிங்கா, டிராக்கரா

காசு கொட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது இது. நட்சத்திர நகர்வுக்கு ஈடாகக் கேமராவைச் சுழற்றும் கருவிதான் டிராக்கர். அதை நேர் செய்யத் துருவ நட்சத்திரம் வேண்டும். அந்த நட்சத்திரமோ முதுகுப்பக்கம், 8 டிகிரியில், தென்னைக்குப் பின்னால். சில டிராக்கர் அடித்தட்டுகள் 8 டிகிரி வரை இறங்குவதே இல்லை. இறங்கினாலும் எதிர்எடை ட்ரைபாட் காலில் இடிக்கும். இத்தனைக்கும் வழி இருக்கிறது: 20 மிமீ லென்ஸில் 2 டிகிரி பிசகி 2 நிமிடம் எடுத்தால்கூட இழுப்பு ஒரு பிக்ஸல்தான். அதனால் போன் திசைகாட்டியும் சாய்வுமானியும் போதும், போனை ட்ரைபாட் இரும்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் சரி. ஆனால் காற்றடிக்கும் பாறையில் 2 நிமிடம் ஆடாமல் நிற்க வேண்டுமே.

ஸ்டாக்கிங் என்பது ஒரே காட்சியைப் பல முறை எடுத்து மென்பொருளில் அடுக்கிச் சேர்ப்பது. அதற்குச் செலவு இல்லை. ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 12 நொடி, வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின், பதினாறு படம். இரைச்சல் நாலில் ஒன்றாகக் குறையும். காற்றில் கெட்ட ஃப்ரேமை எடுத்துப் போட்டுவிடலாம். விண்டோஸில் சீக்வேட்டர் இலவசம், மேக்கில் ஸ்டாரி லேண்ட்ஸ்கேப் ஸ்டாக்கர். கேமராவின் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கியை அணைத்துவையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் சும்மா போய், இடைவெளி விழும். அதற்குப் பதிலாக முடிவில் மூடி போட்டுப் பத்து இருட்டுப் படம். முதல் ஓராண்டுக்கு இதுவே தாராளம். 50 மிமீயோடு முனையில் அடிக்கடி நிற்கப்போகிறவருக்கு மட்டும் டிராக்கர் அர்த்தமுள்ளது.

நட்சத்திரக் கோடு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு வட்டம் இங்கே கிடைக்காது. தெற்கே பார்த்தால் மையம் கடலுக்கு 8 டிகிரி கீழே இருப்பதால் வில் வில்லாகக் கடலில் எழுந்து கடலில் இறங்கும். கிழக்கே பார்த்தால் ஏறக்குறைய செங்குத்தான கோடுகள்.

உப்பும் மணலும்

ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைக் கரையில் திறந்தால் லென்ஸ் உடனே வேர்க்கும். பை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும். யுஎஸ்பி சூடேற்றுப் பட்டை ஒன்று, 10000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். ஆனால் இங்கே பனியைவிட உப்புச் சாரல்தான் பெரிய எதிரி. ஒரு மணி நேரத்தில் கண்ணாடிமேல் மெல்லிய படலம் படிந்து, பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் தெரிய ஆரம்பிக்கும். பலர் அதை மேகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

துடைப்பதில் ஒழுங்கு உண்டு. மணவாளக்குறிச்சியில் அரிய மணல் ஆலை இருப்பதற்குக் காரணமான அதே மணல்தான் இந்தக் கரை எங்கும்: கருப்பில் இல்மனைட், சிவப்பில் கார்னெட். கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். துண்டு முனையால் ஒரு இழு இழுத்தால் லென்ஸ் பூச்சு போயிற்று. முதலில் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர், அதன்பின் உலர்ந்தது. காந்த ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதை மணலில் வைத்துவிடாதீர்கள். கருமணல் விளிம்பில் மீசையாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை மாட்டும்போது உள்ளே போகும்.

காற்றுக்கு ட்ரைபாடின் நடுத்தண்டைத் தூக்காதீர்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அடிப்பகுதி பாறையைத் தொட்டபடி இருக்கட்டும், ஆடினால் அதுவே ஊஞ்சல்.

அதிகாலை மூன்று, நாலு மணிக்கு வள்ளம் இறக்கும் இடங்களில் வழியை மறிக்காமல் நில்லுங்கள். வரும் வள்ளத்தை நோக்கி டார்ச் அடிப்பது கரை பிடிப்பவரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தரையைப் பார்த்து. இருட்டில் ட்ரைபாடோடு நிற்பவரை மரைன் போலீஸ் விசாரிப்பது இயல்பு. மாலையிலேயே அருகிலுள்ள நிலையத்தில் சொல்லிவிட்டு, அடையாள அட்டையை மேல்பையில் வைத்துக்கொண்டால் நல்ல நேரம் பேச்சில் போகாது. ஊர்க்காரர் யாராவது ‘இண்ணைக்குக் கடல் சரியில்ல’ என்றால் மறுபேச்சு வேண்டாம், செயலி எதைக் காட்டினாலும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை படம் பார்ப்பது அல்ல. ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி, பூட்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசித் தலைகீழாக நிழலில் காயவையுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அலுமினியமும் எஃகுத் திருகும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.